காலி டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள்

அத்தியாயம் ஏழு

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதனால் துப்பறிவாளர் தராசு படியேறினார். படிக்கு ஒரு தடவை அவருடைய முழங்கால் சத்தம் போட்டது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. முதல் மாடியில் ஒரு நர்ஸ் கதவைத் திறந்து யார் தட்டியது என்று எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"மாமா, நான் வேணா மேலே போய் நோயாளியைக் கீழே கூட்டிட்டு வரட்டுமா? அவங்க மயக்கத்துலதான் இருக்காங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றான் பின்னால் வந்த மாப்பிள்ளை.

"நீங்க பேசாம வந்தாலே பாதி வலி குறையும் மாப்பிள்ளை."

தராசு என்பது ஊர் வைத்த பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதித்த அதிகாரி அவர். ஓய்வுபெற்ற பின்பும் எதைப் பார்த்தாலும் இதில் எங்கே குறைகிறது என்றுதான் கண் போகும். அந்தக் கண்ணை வீணாக்க வேண்டாம் என்று துப்பறிய ஆரம்பித்தார். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டவன். தொட்ட தொழிலெல்லாம் படுத்துக்கொண்டதால் மாமனாருக்கு உதவியாளராகச் சேர்ந்தான். மாமனாரின் காலும் மாப்பிள்ளையின் வாயும் ஓயாமல் சத்தம் போடும் என்பது வீட்டுப் பெண்களின் கணிப்பு.

மாடி வராந்தாவில் தங்கை காத்திருந்தாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். எத்தனையோ பேர் சுவரில் மோதப் போனபோதெல்லாம் பதறாதவள், இன்று கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் கிடந்தவள் அவளுடைய அக்கா, இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்க நின்று துணி தேய்த்ததில் முழங்கால் தேய்ந்துபோனது. மூட்டு வலிக்கு ஒரு கடையில் விற்ற மாத்திரையைச் சாப்பிட்டாள். இப்போது கண் திறக்காமல் கிடக்கிறாள்.

"நான்தாங்க வாங்கிக் கொடுத்தேன்," என்றாள் தங்கை. "எல்லாம் இயற்கைன்னாங்க. மீன் குருத்தெலும்பு, சிப்பி, நண்டு ஓடு. நீங்க சொன்ன மாதிரி மிச்சம் இருந்த டப்பாவை லேப்ல கொடுத்தேன். சுத்தமான சுண்ணாம்புக்கல் பொடியாம். கெடுதலே கிடையாதாம்."

"நண்டும் இல்லையா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"நண்டு போன வழி கூட இல்லையாம்."

டாக்டரம்மா வெளியே வந்தாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"ரத்த அழுத்தம் ஏறவே மாட்டேங்குது. சலைன் ஏத்தியாச்சு, கிருமிக்கு மருந்து போட்டாச்சு. எதுக்கும் அசையலை. காரணம் தெரியாம ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்க முடியாது."

தராசு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கை குச்சியாக இருந்தது. முகம் மட்டும் ஊதின பலூன் மாதிரி வட்டமாக, பளபளவென்று இருந்தது. கையும் முகமும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தம் போலத் தோன்றியது.

"முகம் எப்பவும் இப்படித்தானா?"

"மாத்திரை ஆரம்பிச்சப்புறம் சதை பிடிச்சுது. தெருவுல எல்லாரும் உடம்பு தேறிடுச்சுன்னாங்க. அக்காவுக்குக்கூட சந்தோஷம். மாடிப்படி ஓடி ஏறினா."

"சுண்ணாம்பு தின்னுட்டா?"

தங்கை விழித்தாள். தராசு விடவில்லை. "எந்த டப்பா சாப்பிட்டப்போ ஓடினாங்க?"

"முதல் டப்பா. அது பெரிசு, மாசக்கணக்கா வந்துது. ரெண்டாவது டப்பாவுல அவ்வளவா கேக்கலை. வலி திரும்பிடுச்சு. கடைக்காரர்கிட்ட கேட்டா, உடம்பு மருந்துக்குப் பழகுது, விடாம சாப்பிடுங்கன்னார். அப்புறம்தான் சோர்வு, வாந்தி, மயக்கம்."

"முதல் டப்பா எங்க?"

"அதைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. காலி டப்பாவைக் கொடுத்தாத்தான் ரெண்டாவது கிடைக்கும்."

"ரெண்டாவது காலியானா?"

"அதைக் கேக்கறதில்லை. என்ன வேணா போட்டு வச்சுக்கச் சொல்வாங்க."

தராசு முழங்காலைத் தடவிக்கொண்டார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்; வலிக்கும்போதும் அப்படித்தான். "ஒரே டப்பா, ஒரே மூடி. முதல் தடவை கொடுத்தது மட்டும் வீட்டுல இருக்கக் கூடாது. என்ன மாப்பிள்ளை அர்த்தம்?"

"உள்ளே ஒட்டிக்கிட்டிருக்கற தூளை யாரும் லேப்ல கொடுத்துடக் கூடாது," என்றான் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. "முதல் டப்பாவுல வேலை செய்யற மருந்து. நம்பினப்புறம் வெறும் சுண்ணாம்பு. சந்தேகப்பட்டு எப்ப சோதிச்சாலும் சுண்ணாம்புதான் வரும். தூ."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "ஸ்டீராய்டா இருந்தா இந்த முகத்துக்கும் காரணம் கிடைக்குது. அதை மாசக்கணக்குல கொடுத்துட்டு சட்டுனு நிறுத்தினா ஆளை இப்படித்தான் சாய்க்கும். ஆனா வாங்கின ரிப்போர்ட் சுண்ணாம்புங்குது. நான் யூகத்துல அந்த மருந்தை ஏத்தி, உள்ளே நிஜமாவே கிருமி இருந்தா, நானே கொன்ன மாதிரி ஆயிடும். எனக்கு டப்பா வேண்டாம், கேஸ் வேண்டாம். அதுல என்ன போட்டாங்கன்னு ஒரு வார்த்தை போதும். சாயந்தரத்துக்குள்ள வேணும்."

தங்கை தன்னுடைய டிரைவிங் ஸ்கூல் காரிலேயே அவர்களைக் கூட்டிப் போனாள். அந்தக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை பயம் வந்தபோதெல்லாம் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தான். வழியெல்லாம் அவனுக்குப் பயம் வந்தது.

"காலை எடுங்க சார். ஆளைக் காப்பாத்தப் போறோமா, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறோமா?" என்றாள் தங்கை.

கடைவாசலில் அவள் காரிலேயே இருந்துகொண்டாள். கடைக்காரனுக்கு அவள் முகம் தெரியும்.

கடைக்குப் பெயர் மூட்டு மன்னன். கடைக்காரன் தனக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குள் பிளாஸ்டிக்கில் ஓர் எலும்புக்கால் நின்றது. அதன் முட்டியில் சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வாசனைதான் பெரிய விஷயம். அழுகின கடல் ஒன்றை வெயிலில் காயப்போட்டு, காய்வதற்கு முன்பே சுருட்டி வைத்தால் வருகிற மாதிரி ஒன்று. தெருவில் வந்த நாய் ஒன்று கடைக்கு முன்னால் நின்று, தன் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு எதிர்ப்பக்கம் போயிற்று.

உள்ளே பெஞ்சு நிறைய முழங்கால்கள் உட்கார்ந்திருந்தன. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தில் பெரிய நம்பிக்கையோடு இருந்தார்கள்.

"இவ்வளவு நாறுதே," என்றான் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தவரிடம்.

"நாறினாத்தானே நிஜ மருந்து," என்றார் அவர் பெருமையாக.

முறை வந்தது. மூட்டு மன்னன் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ச் சீப்பு. தராசின் வேட்டியை அனுமதி கேட்காமல் உயர்த்தி, ஈரமான இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து உருட்டினான். மாப்பிள்ளைக்குத் தன் முட்டி கூசியது.

"எலும்போட எலும்பு சண்டை போடுது பெரியவரே. நடுவுல சமாதானம் பண்ண ஆள் இல்லை. நம்ம மாத்திரைதான் அந்த ஆள். ஆழ்கடல் குருத்தெலும்பு, எல்லாம் இயற்கை."

"பக்க விளைவு?"

"இருக்கு. நடை வேகமாயிடும். கூட வர்றவங்க ஓடணும்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தராசும் சிரித்தார். டப்பாவைக் கையில் வாங்கி, பழைய பழக்கத்தில் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். "காலியானதும் டப்பாவைக் கொண்டு வரணுமாமே? என் சம்பந்தி சொன்னார்."

"அதெல்லாம் பழைய முறை," என்றான் மூட்டு மன்னன் சட்டென்று. "நேத்துலேருந்து நிறுத்தியாச்சு. நீங்களே வச்சுக்கங்க, குண்டூசி போட உதவும்."

தராசு மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையை மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் பல தடவை பார்த்திருக்கிறான். எடை குறைகிறது என்று அர்த்தம். டப்பா திரும்பி வர வேண்டாம் என்றால் கையில் இருப்பது சுண்ணாம்பு. லேபுக்குப் போன செய்தி இவன் காதுக்கும் வந்துவிட்டது. நேற்றோடு அசல் சரக்கு போய்விட்டது.

"மாப்பிள்ளை, வயிறு சரியில்லைன்னீங்களே," என்றார் தராசு.

"இங்க வர்ற வரைக்கும் நல்லாத்தான் மாமா இருந்துது," என்றான் மாப்பிள்ளை உண்மையாகவே. "ஐயா, பின்னாடி பாத்ரூம் இருக்கா?"

"அடைச்சிருக்கு, போகாதீங்க," என்று மூட்டு மன்னன் எழுந்திருப்பதற்குள் தராசு, "ஐயோ, முட்டி," என்று அவன் மேல் சாய்ந்துவிட்டார். அவர் எடை கொஞ்சம் இல்லை. மாப்பிள்ளை பின்னால் தொங்கின திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

திரைக்குப் பின்னால்தான் வாசனையின் பிறந்த வீடு இருந்தது. ஒரு தகர பீப்பாய் நிறைய மீன் எலும்பும் நண்டு ஓடும். அதன் மேல் ஒரு மேஜை விசிறி கடையைப் பார்த்துச் சுழன்றது. பீப்பாயின் மேலடுக்கில் தூசி படிந்து, தூசி மேல் ஈ முட்டையிட்டு, முட்டை மேல் மறுபடி தூசி படிந்திருந்தது. பக்கத்தில் அரைக்கும் இயந்திரம். அதன் வாயில் ஒரு சிலந்திக் குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. யாராவது காலி செய்யச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, இந்த எலும்பை யாரும் அரைக்கவே இல்லை. வாடைக்காக மட்டும் வைத்திருக்கிறான். மாப்பிள்ளைக்குத் தொண்டை வரைக்கும் ஏதோ வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

பாத்ரூம் கதவைத் திறந்ததுதான் அவன் செய்த தப்பு. கழிப்பறைக் கோப்பை விளிம்பு வரைக்கும் கஞ்சி மாதிரி வெள்ளையாக நின்றது. அதில் ஊறி உப்பின மாத்திரைக் கூடுகள் ஆயிரக்கணக்கில், தவளை முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறான், போகவில்லை. மூலையில் ஒரு வாளி. வாளியில் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் சொருகின கொத்தனார் கரண்டி.

'இதை ஒரு பாட்டிலில் எடுத்துப் போகலாமா' என்று ஒரு நினைப்பு வந்தது. லேபில் கொடுத்து முடிவு வர நாளாகும். அதுவரை கட்டிலில் இருப்பவள் தாங்க மாட்டாள். ஒரு வார்த்தை வேண்டும். அதைக் கோப்பை சொல்லாது.

"யாரது?"

குரல் மேலிருந்து வந்தது. பரணுக்குச் சாய்த்திருந்த ஏணியின் உச்சியில் ஒரு வயதான அம்மாள் நின்றுகொண்டு, அட்டைப்பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாத்ரூமுக்கு வந்தேன்மா."

"அதுல எங்க போறது. நல்ல மருந்தையெல்லாம் கொட்டி அடைச்சு வச்சிருக்கான் என் பிள்ளை. ஒரு கை பிடி தம்பி, இறங்கறேன். என்னமோ கால் வெலவெலங்குது."

மாப்பிள்ளை கையைப் பிடித்தான். குச்சிக் கை. தோல் காகிதம் மாதிரி. அங்கங்கே கன்றிப்போன கறுநீலத் திட்டுகள். வெளிச்சத்துக்கு வந்ததும் முகத்தைப் பார்த்தான். வட்டமாக, பளபளவென்று, ஊதின பலூன் மாதிரி இருந்தது.

அவனுக்குப் பேச்சு வரவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

"என்னம்மா தேடறீங்க?" என்றான் கடைசியில்.

"மாத்திரைதான். எனக்குன்னு அலமாரியில தனியா ஒரு டப்பா வச்சிருப்பான். அம்மா, நீ இதை மட்டும்தான் சாப்பிடணும்பான். சாப்பிட்டேன், ஒரு மண்ணும் கேக்கலை. பெத்தவளுக்கு மட்டும் மட்டமான சரக்கு." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "புதுசா வர்றவங்களுக்குக் கொடுக்கறது அந்த மூலையில இருக்கும். அதுலேருந்து எடுத்து என் டப்பாவுல ரொப்பிக்குவேன். அமிர்தம் தம்பி அது. ஏணியெல்லாம் ஏறறேன் பாரு. நேத்து அத்தனையும் கொட்டிட்டான். அதுலேருந்து ஒரே கிறுகிறுப்பு, சோறு இறங்கலை."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவானா, கஞ்சன்."

மாப்பிள்ளை அவளைத் தாங்கினபடியே திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான். அங்கே தராசு இன்னும் மூட்டு மன்னனின் தோளைப் பிடித்துக்கொண்டு முட்டி வலியில் முனகிக்கொண்டிருந்தார். நடிப்பு பாதிதான்.

"மாமா," என்றான் மாப்பிள்ளை. "இவங்க கடைக்காரரோட அம்மா. புதுசா வர்றவங்க மருந்தைத்தான் எடுத்துச் சாப்பிட்டாங்களாம்; நேத்துலேருந்து அது இல்லாம ஒரே கிறுகிறுப்பு, சோறு இறங்கலையாம். முகத்தைப் பாருங்க."

தராசு பார்த்தார். முனகல் நின்றது. கட்டிலில் கிடந்தவளின் முகமே வயதாகி எதிரில் நிற்பது போலிருந்தது. அவர் நிமிர்ந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அம்மா, புது ஆளுங்களுக்குக் கொடுக்கற டப்பாவுலேருந்து எவ்வளவு காலமா எடுத்துச் சாப்பிடறீங்க?"

"அது இருக்கும் ரொம்ப நாளா," என்றாள் அம்மாள், திருட்டு மாட்டிக்கொண்ட வெட்கத்தோடு.

மூட்டு மன்னனின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "அம்மா," என்றான். "நான் உனக்குத் தனியா வச்சதைத்தானே சாப்பிட்டே? தலையில அடிச்சு சொன்னேனே. மத்ததைத் தொடவே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கிலிருந்து கையை எடுத்தார்கள்.

"எல்லாம் இயற்கைதானே," என்றார் தராசு. "அப்புறம் எதுக்குத் தனியா?"

பெஞ்சில் இருந்த முழங்கால்கள் ஒன்றொன்றாக எழுந்தன.

"நீங்க என்னை ஏமாத்தலாம். எனக்கு அவசரம் இல்லை," என்றார் தராசு. "ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு கண் திறக்காம கிடக்கு. உங்க முதல் டப்பாவைச் சாப்பிட்டு, ரெண்டாவது டப்பாவுக்கு மாறினவ. உங்கம்மா நேத்துத்தான் நிறுத்தியிருக்காங்க. ஏற்கெனவே கிறுகிறுப்பாம், சோறு இறங்கலையாம். அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"மூலிகைதான் சார், வேற ஒண்ணும்..."

அம்மாள் பெஞ்சைத் தேடித் துழாவினாள். நெற்றி முழுக்க வேர்வை. உட்காருவதற்குள் கால் மடங்கிச் சரிந்தாள். மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான்.

"எந்த மூலிகைன்னு டாக்டர்கிட்டயே சொல்லுங்க," என்று தராசு போனை நீட்டினார். அம்மாள் சரிந்தபோதே அவர் எண்ணை அழுத்தியிருந்தார்; மறுமுனையில் டாக்டரம்மா காத்திருந்தாள்.

மூட்டு மன்னன் அம்மாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்து நிற்பவன் குரலில், ஸ்டீராய்டின் பெயரைச் சொன்னான். கூடவே ஒரு வலி மருந்தின் பெயரையும் சொன்னான்.

"ஒரு மாத்திரையில எவ்வளவு?" போனில் டாக்டரம்மாவின் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அது... ஒரு வாளி சுண்ணாம்புக்கு ஒரு கரண்டி."

"என்ன கரண்டி?"

"கொத்தனார் கரண்டிங்க. கலக்கறது கையாலதான். ஒண்ணுல கூட விழும், ஒண்ணுல விழாது."

மறுமுனையில் பேனாவை மேஜையில் போட்ட சத்தம் கேட்டது. டாக்டரம்மா வாய்க்கு வந்ததை விழுங்குகிறாள் என்று மாப்பிள்ளை நினைத்தான். "அந்த அம்மாவை உடனே கொண்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். மற்றவர்கள் மூட்டு மன்னனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மூட்டு வலிக்காரர்களால் ஓடிப் பிடிக்க முடியாது, ஆனால் வழியை விடாமல் நிற்க முடியும். போலீஸ் வரும் வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

காரில் தங்கை பறந்தாள். மாப்பிள்ளை இந்தத் தடவை பின்னால் உட்கார்ந்து அம்மாளின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் தொட்டதில் எல்லாம் அந்த வாடை ஒட்டியிருந்தது.

"தம்பி," என்றாள் அம்மாள் முனகலாக. "அவன் எனக்குத் தனியா கொடுத்தானே, அது என்னது?"

"சுண்ணாம்பும்மா."

அம்மாள் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு, "ஊரார் பெத்ததுக்கெல்லாம் நல்ல மருந்து. பெத்தவளுக்குச் சுண்ணாம்பு," என்றாள். உடம்பு அந்த நிலைமையில் இருந்தும் குரலில் அத்தனை கோபம். அந்த நல்ல மருந்துதான் அவளைச் சாய்த்தது என்று விளக்க மாப்பிள்ளைக்குத் தெம்பு இல்லை. பிள்ளைக்கு இருந்த பாசம் அவ்வளவும் சுண்ணாம்பாகத்தான் வந்தது என்பதை யாரிடம் சொல்லுவது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவுக்கு ஊசியை ஏற்கெனவே போட்டிருந்தாள். அம்மாளைப் பக்கத்துக் கட்டிலில் கிடத்தி அவளுக்கும் போட்டாள். எல்லாரும் அக்காவின் தலைமாட்டில் ரத்த அழுத்தம் காட்டின திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் எண்கள் முதலில் சும்மா இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக ஏறின. தங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிழைச்சுக்குவாங்க," என்றாள் டாக்டரம்மா. "ஆனா இதே மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும். எந்த விஷத்துல விழுந்தாங்களோ அதைப் பிடிச்சுக்கிட்டேதான் எழுந்திருக்கணும்."

வெளியே விளக்குப் போடுகிற நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். அவள் அழுவதைப் பார்த்து, "எதுக்கு அழறே," என்றாள் கரகரப்பாக. பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல மெல்ல இறங்கின தராசைப் பார்த்தாள். அவருக்கு இறங்க வெகுநேரம் பிடித்தது. அவள் முகத்தில் இரக்கம் வந்தது.

"ஐயாவுக்கும் முட்டி வலியா?"

"ஆமாம்மா. பழகிப்போச்சு."

"எதுக்குக் கஷ்டப்படறீங்க. ஒரு கடை இருக்கு. பேரு மூட்டு மன்னன். முதல் டப்பாவுலயே தெரியும்."

தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தராசு அவளைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். கடைசியில், "அங்கேயிருந்துதாம்மா வர்றோம்," என்றார் மெதுவாக. "கடையை மூடியாச்சு. அவரை போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அடப் பாவமே," என்றாள் அக்கா. "தங்கமான மனுஷன்."

மாப்பிள்ளை வெளியே போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். சோப்புக் கரைந்து தீரும் வரைக்கும் கழுவினான். முகர்ந்து பார்த்தான். மறுபடி கழுவினான்.